கொழுப்பை அடக்கிய மருந்தும் கல்லீரலும்

மக்கட் குலம் நோயோடு நடத்திவரும் போராட்டத்தின் வரலாறு, மன்னர்கள் தம்முள் நடத்திய போர்களின் வரலாற்றினும் நீண்டது. அப்போரில் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. ஒரு நோயை அடக்க வந்த மருந்து வேறோர் உறுப்பை வருத்துவதும், அவ்வருத்தத்தை அறிந்து மருத்துவர்கள் அளவையும் முறையையும் திருத்துவதும் தொடர்ந்து நடந்து வருவன. இரத்தத்தில் மிகுந்த கொழுப்பைக் குறைக்க எழுந்த மருந்துகளின் கதையும் அத்தகையதே.

நம் காலனியில் இன்று இம்மாத்திரை இல்லாத வீடு அரிது. தாத்தாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அருகில் ஓர் அட்டை. அப்பாவின் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை. மாலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கும் பெரியவர்களின் பேச்சிலும் இம்மாத்திரை தவறாது இடம்பெறும். "இது ஈரலைத் தின்றுவிடும்" என்பார் ஒருவர். "இருபது ஆண்டாக விழுங்குகிறேன், எனக்கு என்ன ஆயிற்று?" என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இருவர் கூற்றிலும் இல்லை. முழு உண்மையை அறிய வரலாற்றையே நாடவேண்டும். யான் வைத்தியன் அல்லேன். மெட்ரிகுலேஷன் அளவில் படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஓய்வு நேரங்களில் படித்தறிந்தவற்றை வரிசைப்படுத்திச் சங்க அன்பர்முன் வைக்கின்றேன்.

பித்தக் கல்லில் கிடைத்த பொருள்

கொலஸ்ட்ரால் என்னும் பொருள் முதன்முதல் கண்டறியப்பட்டது இரத்தத்தில் அன்று. பித்தப்பையில் உண்டாகும் கற்களிலேயாம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர்கள் அதனைக் கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெவ்ருல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் அதற்குப் பெயரிட்டார். 'பித்தம்' என்றும் 'திண்மை' என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். ஆகவே பிறப்பிலேயே இப்பொருளுக்கும் கல்லீரலுக்கும் உறவு அமைந்துவிட்டது.

1913-ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்னும் இளம் அறிஞர், தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். சில வாரங்களில் அவற்றின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் கொழுப்புப் படிந்தது. உலகம் அப்போது அதனைப் பெரிதாக எண்ணவில்லை. 1948-ல் அமெரிக்க நாட்டின் பிராமிங்ஹாம் என்னும் சிற்றூரில் 5,209 பேரைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அவர்தம் உடல்நிலையைப் பதிவு செய்யத் தொடங்கினர். யாருக்கு மாரடைப்பு வருகிறது, வருமுன் அவர் இரத்தம் எவ்வாறிருந்தது என்பதை அப்பதிவேடுகள் காட்டின. இரத்த அழுத்தம், புகைபிடித்தல் ஆகியவற்றோடு கொலஸ்ட்ராலும் குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று.

கொலஸ்ட்ரால் முற்றும் தீயது என்று எண்ணிவிடலாகாது. உயிரணுக்களின் சுவருக்கும், பித்த நீருக்கும், பல ஹார்மோன்களுக்கும் அதுவே மூலப்பொருள். உணவில் நாம் உண்பது ஒரு பங்கே. பெரும்பங்கினை உடலே ஆக்கிக்கொள்கிறது. அவ்வாக்கத்திற்குத் தலையாய பட்டறை கல்லீரல். உடல் அதனை எவ்வாறு படிப்படியாக ஆக்குகிறது என்பதை விளக்கியோருள் கான்ராட் பிளாக், பியோடர் லினன் ஆகிய இருவருக்கும் 1964-ல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

முதல் மருந்துகளும் முதல் பாடங்களும்

ஆக்கும் வழி தெரிந்தால் அடைக்கும் வழியும் தேடுவர் அன்றோ? 1955-ல் கனடா நாட்டில் ஆல்ட்ஷூல் முதலியோர், நிக்கோடினிக் அமிலம் என்னும் வைட்டமினைப் பேரளவில் கொடுத்தால் கொலஸ்ட்ரால் குறைவதைக் கண்டனர். அதனை உண்டவர்க்கு முகமும் மார்பும் சிவந்து எரிந்தன. அவ்வெரிச்சலைத் தவிர்க்க, மெல்ல மெல்லக் கரையும் மாத்திரைகளைச் செய்தனர். எரிச்சல் குறைந்தது, ஆனால் கல்லீரல் வருந்தியது. 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மெல்லக் கரையும் வகையை உண்ட 23 பேருள் 12 பேருக்குக் கல்லீரல் பாதிப்பின் அடையாளங்கள் தோன்றின. உடனே கரையும் வகையை உண்டவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருந்து ஒன்றே, கொடுக்கும் முறை மாறியதால் விளைவும் மாறிற்று.

அடுத்து வந்தது டிரைபாரனால். 1960-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த இம்மருந்து, கொலஸ்ட்ரால் ஆக்கத்தின் கடைசிப் படியை அடைத்தது. அடைபட்ட படிக்கு முந்தைய பொருள் உடலில் தேங்கிற்று. உண்டவர் சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது; முடி உதிர்ந்தது; தோல் வறண்டு செதில் செதிலாயிற்று. இதனினும் கொடியது ஒன்றுண்டு. விலங்குகளில் செய்த சோதனையின் கணக்கை அந்நிறுவனத்தார் மாற்றி எழுதியிருந்தனர். குரங்குகளின் எடைக் கணக்கைத் திருத்துமாறு பணிக்கப்பட்ட ஆய்வுக்கூடப் பெண்மணி ஒருவர் மனம் பொறாது வேலையை விட்டார். அவர் கணவர் அன்றாடம் அலுவலகத்திற்குக் காரில் செல்லும்போது உடன் செல்வோருள் அரசின் மருந்துக் கண்காணிப்பு அதிகாரி ஒருவரும் இருந்தார். செய்தி அவ்வழியே அரசை எட்டியது. அதிகாரிகள் நிறுவனத்துள் புகுந்து ஏடுகளைப் பார்த்தனர். 1962 ஏப்ரலில் அம்மருந்து சந்தையிலிருந்து விலகியது. கணக்கெழுதும் தொழிலில் உள்ள நம்போன்றோர் இந்நிகழ்ச்சியை நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஏட்டில் ஓர் எண்ணைத் திருத்துவது எத்தனை கண்களின் ஒளியைப் பறிக்கக்கூடும்!

பிறகு குளோபைப்ரேட் வந்தது. எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரல் பருத்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் எடின்பரோ, புடாபெஸ்ட், பிராக் ஆகிய மூன்று நகரங்களில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரிடையே நடந்த சோதனையின் முடிவு 1978-ல் வெளியாயிற்று. உயிர் பறிக்காத மாரடைப்புகள் குறைந்தன. ஆயின் மருந்துண்டவரிடையே மொத்த மரணங்கள் மிகுந்தன. பித்தக் கல்லும் மிகுந்தது. இரத்தத்தில் ஓர் எண் குறைந்துவிட்டால் மட்டும் போதாது, மனிதன் நீடு வாழ்கிறானா என்பதையே காணவேண்டும் என்னும் பாடத்தை வைத்திய உலகம் அன்று கற்றது.

அரிசிக் கடையில் கிடைத்த பூஞ்சை

ஜப்பான் நாட்டின் வடபகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் 1933-ல் பிறந்தவர் அகிரா எண்டோ. பூஞ்சையிலிருந்து பெனிசிலின் கண்ட பிளெமிங்கின் வரலாற்றைப் படித்து அவரைப் போல் ஆக விரும்பியவர். சாங்க்யோ என்னும் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1966 முதல் 1968 வரை நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தார். அங்கே முதியோரை மாரடைப்பு எவ்வாறு வாட்டுகிறது என்பதைக் கண்டார். தாயகம் திரும்பியதும் அவர் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது: பூஞ்சைகள் தம் பகை உயிர்களைக் கொல்லக் கொலஸ்ட்ரால் ஆக்கத்தை அடைக்கும் பொருளைச் சுரக்கக்கூடும் அன்றோ?

இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். இறுதியில், கியோத்தோ நகரின் தானியக் கடை ஒன்றிலிருந்து பெற்ற அரிசியில் வளர்ந்த நீலப் பூஞ்சையில் தாம் தேடிய பொருளை 1973-ல் கண்டார். அதற்குக் காம்பாக்டின் என்று பெயர். ஸ்டாட்டின் என்று இன்று நாம் அழைக்கும் மருந்துக் குலத்தின் மூத்த பிள்ளை அதுவே.

ஆனால் எலிகளுக்குக் கொடுத்தபோது பயன் ஒன்றும் தெரியவில்லை. திட்டம் கைவிடப்படும் நிலைக்கு வந்தது. எண்டோ சோர்ந்துவிடவில்லை. முட்டையில் கொலஸ்ட்ரால் மிகுதி. ஆகவே முட்டையிடும் கோழியின் இரத்தத்திலும் அது மிகுதியாய் இருக்கும் என்று எண்ணி, சக ஊழியர் ஒருவரிடமிருந்த கோழிகளுக்குக் கொடுக்கச் செய்தார். கோழிகளில் கொலஸ்ட்ரால் வெகுவாகக் குறைந்தது. 1977-ல் மீண்டும் ஓர் இடையூறு. மிகப் பெரிய அளவில் மருந்து கொடுத்த எலிகளின் கல்லீரலில் நுண்ணிய படிகங்கள் காணப்பட்டன. கல்லீரலுக்குக் கேடு என்னும் குற்றச்சாட்டு, இம்மருந்து மனிதனைத் தொடும் முன்பே இவ்வாறு எழுந்துவிட்டது. எண்டோ அதனை மறுத்து வாதாடினார். 1978-ல் ஒஸாகாவில் மருத்துவர் ஒருவர், பிறவியிலேயே கொழுப்பு மிகுந்த நோயாளி ஒருவருக்கு இதனைக் கொடுத்தார். கொழுப்புக் குறைந்தது, தசைகள் தளர்ந்தன, அளவைக் குறைத்ததும் தளர்ச்சி நீங்கிற்று. எனினும் நாய்களில் கண்ட சில மாறுதல்களால் 1980-ல் சாங்க்யோ நிறுவனம் காம்பாக்டினைக் கைவிட்டது.

அதற்குள் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாட்டினைக் கண்டிருந்தது. எண்டோவும் 1979-ல் தனியே அதே பொருளைச் சிவப்புப் பூஞ்சை ஒன்றிலிருந்து எடுத்தார். சீன மக்கள் அரிசியில் வளர்த்து உணவிலும் மருந்திலும் பயன்படுத்தி வந்த பூஞ்சையின் இனம் அது. 'இது இயற்கைப் பொருள், ஆகவே தீங்கில்லை' என்போர் இதனைக் கருதவேண்டும். சிவப்பரிசிப் பொடியில் உள்ளதும் அட்டை மாத்திரையில் உள்ளதும் ஒரே சரக்கு. ஒன்றில் அளவு தெரியும், மற்றொன்றில் தெரியாது. எண்டோ 2024 ஜூன் மாதம் தம் 90-ஆம் வயதில் காலமானார்.

மருந்து வேலை செய்யும் இடம்

இம்மருந்து கொழுப்பைக் குறைக்கும் விதத்தை விளக்க நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவேன். கொலஸ்ட்ராலைச் சுமந்து இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்பவற்றைச் சரக்கு வண்டிகள் எனக் கொள்க. கல்லீரல் ஒரு பெரிய சரக்குக் கொட்டகை. கொட்டகையில் சரக்கை இறக்கும் மேடைகள் குறைந்தால் வண்டிகள் இருப்புப் பாதையிலேயே நின்று வழியை அடைக்கும். ஸ்டாட்டின் கல்லீரலின் சொந்த உற்பத்தியைக் குறைக்கிறது. தேவைக்குச் சரக்குக் கிடையாமையால் கல்லீரல் மேடைகளை மிகுவித்து, ஓடும் வண்டிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதை தெளிகிறது. இம்மேடைகள் உண்டென்று 1970-களில் காட்டிய பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985-ல் நோபெல் பரிசு கிடைத்தது. மருந்தின் பணிக்களமே கல்லீரலாகலின், அதனைப் பற்றிய அச்சம் எழுந்ததில் வியப்பில்லை.

அச்சத்தை அளக்கும் கோல் முன்பே கையிலிருந்தது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரத்தப் பரிசோதனைச் சீட்டில் காண்கின்றோமே, அவை உயிரணுக்களின் உள்ளே இருந்து பணிபுரியும் நொதிகள். உயிரணு நோகும்போது அவை இரத்தத்தில் கசியும். 1954-ல் நியூயார்க் மருத்துவர்கள் முதலாவதை மாரடைப்பு நோயாளிகளிடமே மிகுதியாகக் கண்டனர். அடுத்த ஆண்டில் கல்லீரல் நோயிலும் அது மிகுவதை அறிந்தனர். இதயத்தை அறியப் பிறந்த சோதனை கல்லீரலின் காவலாயிற்று. முதல் நொதி தசையிலும் உண்டு. ஆகவே அது மட்டும் உயர்ந்தால் கல்லீரலையே குற்றம் கூறலாகாது.

1987-ல் லோவாஸ்டாட்டின் விற்பனைக்கு அனுமதி பெற்றபோது, உண்பவர் அடிக்கடி கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. 1991-ல் வெளியான ஆய்வொன்றில் 8,245 பேர் 48 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். நொதிகள் மேல்வரம்பின் மும்மடங்குக்கு மேல் தொடர்ந்து உயர்ந்தவர், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உண்டவரில் ஆயிரத்துக்கு ஒருவர். வெறும் மாத்திரை உண்டவரிலும் அதே விகிதம். 80 மில்லிகிராம் உண்டவரிலோ நூற்றுக்கு ஒன்றரை. அளவு கூடக் கூடவே வருத்தமும் கூடுகிறது என்பது தெளிவாயிற்று.

பயனோ பெரிது. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோயுடைய 4,444 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஐந்தாண்டுக்குச் சற்று மேல் கண்காணித்ததில், வெறும் மாத்திரை உண்டவரில் 256 பேரும், சிம்வாஸ்டாட்டின் உண்டவரில் 182 பேரும் இறந்தனர். இந்த 74 உயிர்களின் வேறுபாட்டை மறவாமல் கல்லீரல் பற்றிய அச்சத்தை எடைபோடல் வேண்டும். செரிவாஸ்டாட்டின் என்னும் அதே குலத்து மருந்து, தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்தமையால் 2001-ல் விலக்கப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. குலம் ஒன்றாயினும் குணம் வேறுபடும்.

அச்சம் தணிந்த கதை

கால் நூற்றாண்டுக் காலம் கோடிக்கணக்கானோர் உண்டபின் கிடைத்த அனுபவத்தைக் கொண்டு, 2012 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை தன் விதியை மாற்றியது. கடுமையான கல்லீரல் கேடு மிக அரிது. அது யாருக்கு எப்போது வரும் என்று முன்னறிய இயலாது. அடிக்கடி செய்யும் பரிசோதனை அதனைத் தடுக்கவும் இல்லை. ஆகவே மருந்து தொடங்குமுன் ஒருமுறையும், பின்னர் அறிகுறி தோன்றினாலும் பரிசோதனை செய்தால் போதும் என்றது. 2010-ல் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் மற்றொரு செய்தியையும் வெளியிட்டனர். இதய நோயோடு, தொடக்கத்திலேயே நொதிகள் சற்று உயர்ந்திருந்த 437 பேரை ஆராய்ந்ததில், ஸ்டாட்டின் உண்டவருக்கு நொதிகள் இறங்கின. இதய நோய் நிகழ்ச்சிகள் அவரிடையே நூற்றுக்குப் பத்து, உண்ணாதவரிடையே முப்பது. நொதிகள் உயரக் காரணம் பலருக்கு மருந்தன்று, கல்லீரலில் படிந்த கொழுப்பே என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறாமலிருக்க மனம் இடந்தரவில்லை. எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், சர்க்கரை நோயும் கொழுப்பும் உடையவர். பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. 62 என்று கண்டார். வரம்பு 40. அண்டை வீட்டார் சொல்லைக் கேட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தையும் உரையாமல் மாத்திரையை நிறுத்தினார். ஏதோ ஒரு பொடியை வாங்கிப் பாலில் கலந்து குடித்துவந்தார். இரண்டாண்டு கழிந்து நள்ளிரவில் நெஞ்சு வலித்தது. குழாயில் அடைப்பு நீக்கி உயிர் பிழைத்தார். அவர் மனைவியார் பட்ட பாட்டை நாங்கள் கண்ணாற் கண்டோம். மாத்திரையை நிறுத்தியதால்தான் அது வந்தது என்று அறுதியிட யானார்? ஆனால் 62 என்னும் எண் அவரை அச்சுறுத்திய அளவுக்கு அஞ்சத்தக்கதன்று என்பதை ஒருவர் அன்றே சொல்லியிருக்கலாம்.

அறிந்து நடத்தற்குரியன

வரலாறு நமக்குக் காட்டும் நெறி இது. மாத்திரை தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டு அச்சீட்டைப் பத்திரப்படுத்துக. பின்வரும் எண்களை ஒப்பிட அதுவே அடிப்படை. நொதி சிறிதளவு உயர்ந்தால் பெரும்பாலும் அது தானே தணியும். மருத்துவர் சில வாரங்கழித்து மீண்டும் பார்ப்பார். மும்மடங்குக்கு மேல் உயர்ந்து அங்ஙனமே நின்றால், அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை நிறுத்திவைப்பார். எண்கள் இறங்கியபின் வேறு ஸ்டாட்டினைச் சிறு அளவில் தொடங்கிப் பார்ப்பார். ஒன்றும் பொருந்தாதவருக்கு எஸெட்டிமைப் முதலிய வேறு வகை மருந்துகளும் இன்று உண்டு.

நொதி உயர்ந்தால் மருத்துவர் வேறு காரணங்களையும் தேடுவார். அவற்றை மறையாது கூறுக. மதுப்பழக்கம், காசநோய் மருந்துகள், அளவு மீறிய பாராசிடமால், பி, சி வகை மஞ்சட்காமாலைக் கிருமிகள், உடற்பருமன் ஆகியன அவற்றுள் சில. நாம் கஷாயமென்றும் சூரணமென்றும் உண்பவற்றையும் சொல்லியே ஆகவேண்டும். 2020-ல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் பலர் சீந்தில் கஷாயம் குடித்தனர். அவ்வாறு குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்டனர். ஆயுஷ் அமைச்சகம் அக்கருத்தை மறுத்தது. வழக்கின் தீர்ப்பு எவ்வாறாயினும், உண்டதை மருத்துவரிடம் சொல்வதில் நமக்கு நட்டமொன்றும் இல்லை.

கண்ணும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், பசியின்மை, காரணமில்லாப் பெருஞ்சோர்வு, வலப்பக்க மேல்வயிற்றில் வலி ஆகிய இவை தோன்றினால் நாளைக்கென்று ஒத்திப்போடாமல் அன்றே மருத்துவரைக் காண்க. கல்லீரல் முற்றும் செயலிழந்த நிலையில் இம்மருந்து கூடாது. மற்றையோர் அஞ்சித் தாமாக நிறுத்துவதும் தவறு. அண்டை வீட்டாரின் அட்டையிலிருந்து தாமாக எடுத்து உண்பதும் தவறு.

அன்பர்காள்! ஊர் விட்டு ஊர் வந்து, மொழி வேறான மண்ணில் குடியேறி வாழும் நமக்கு நோய் வந்தால் ஓடி வர உற்றார் அருகில் இல்லை. அண்டை வீட்டாரே அண்ணன், அக்காள், சங்கமே தாய்வீடு. ஆகவே ஒருவருக்கொருவர் சொல்லும் யோசனைக்கும் இங்கே பெருமதிப்புண்டு. அம்மதிப்புக்கு ஏற்ற பொறுப்பும் நமக்கு உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நா, முதலில் "மருத்துவரைக் கேட்டீர்களா?" என்று கேட்கப் பழகட்டும். பூஞ்சையில் மருந்து கண்ட அறிஞரின் உழைப்பும், ஏட்டைத் திருத்த மறுத்த அப்பெண்மணியின் நேர்மையும் நம் இல்லங்களுக்கு அரணாகட்டும். நோயற்ற வாழ்வு நம் காலனி மக்கள் அனைவர்க்கும் வாய்க்க!